வெள்ளிக்கிழமை எஃபி இருப்பாள்

"ஹலோ... ஆமாங்க, ஆமாங்க, ஆர்ட்காலன் கோடை நிகழ்ச்சிங்கதான்... எல்லாமே இலவசம். எல்லாமே வெளியில, ஏரிக்கரையிலதான். மழைக்கோட்டு மட்டும் நீங்க கொண்டு வரணும்... இன்னைக்கா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு ஏரித் தண்ணியில சில்லு எறியறது. பழைய படகுத்துறைக்குப் பக்கத்துல, கூழாங்கல் கரையில... யாரு நடத்தறாங்களா? எஃபின்னு ஒருத்தங்க. நீலக் கோட்டு போட்டிருப்பாங்க... என்னது?... யாரு பேசறது?... ஷோனாவா?"

மர்டோ மக்ஃபெயில் திருட்டு முழி முழித்தார். போனில் முழித்தால் யாருக்குத் தெரியப்போகிறது, ஆனாலும் முழித்தார். ஊர் மன்றத்து அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தக் கோடை நிகழ்ச்சிகளையெல்லாம் ஏற்பாடு செய்பவளே ஷோனாதான். நோட்டீஸில் இருக்க வேண்டியது அவளுடைய அலுவலக எண். கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறி, அச்சடித்த அத்தனை நோட்டீஸிலும் மர்டோ வீட்டு எண் விழுந்துவிட்டது. இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. மர்டோவுக்கு முதல் நாளே தெரியும். ஷோனாவுக்கு இன்று காலையில்தான் தெரிந்திருக்கிறது.

"ஷோனா கண்ணு! எப்படிம்மா இருக்கே?... ஆமா, மர்டோதான். பஸ் மர்டோதான்... இல்லம்மா, உங்க ஆபீஸ்ல நான் எங்கே வேலைக்குச் சேர்ந்தேன்? இது என் வீடு... ஆமா... ஆமா, ஆமா. எழுபத்திநாலுக்குப் பதிலா நாப்பத்தேழு விழுந்திருக்கு... எனக்கு எப்போ தெரியுமா? அது வந்து... இந்தப் பக்கம் லைன் சரியில்ல, கொரகொரங்குது. உனக்குக் கேக்குதா?... எனக்கும் கேக்குது. சரி, சரி. ஜூன் மாசமே தெரியும்."

ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"கத்தாதேம்மா. மூணாங்கிளாஸ்ல என் பஸ்ஸுக்குள்ள வாந்தி எடுத்தியே, நான் கத்தினேனா? பேசாம துடைச்சேன்... ஏன் சொல்லலையா? சொல்லத்தான் நெனச்சேன். முதல் ரெண்டு நாள் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன், ராங் நம்பர், ராங் நம்பர்னு. மூணாம் நாள் பெய்ஸ்லிலேருந்து ஒரு சின்னப் பொண்ணு. குளத்துல வலை விட்டுப் பூச்சி பிடிக்கறீங்களாமே, அந்தப் பூச்சி நம்மளைத் திருப்பிக் கடிக்குமான்னு கேட்டா. அவகிட்ட போய் ராங் நம்பர்னு எப்படிச் சொல்றது?... கடிக்காதுன்னேன். அப்புறம் அவங்கம்மா வாங்கிப் பேசினாங்க. சனிக்கிழமை மழை வருமான்னு. வரும்னேன். எப்படிச் சொல்றீங்கன்னாங்க. இந்த ஊர்ல நாப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், வராத சனிக்கிழமையை நான் பார்த்ததில்லன்னேன். கால் மணி நேரம் பேசினோம்."

கால் மணி நேரம் அந்த வீட்டுக்குப் பெரிய விஷயம். அதற்கு முன்பு போன் அடித்தால் பல் டாக்டர் ஆபீஸாக இருக்கும், இல்லாவிட்டால் ஜன்னல் மாற்றித் தருகிறோம் என்று எவனாவது பேசுவான். கால்கரியில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான், மறந்துபோகாத ஞாயிறுகளில். இந்த ஏழு வாரமாகத்தான் மர்டோ காலையில் எழுந்ததும் முகம் மழித்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருகிறார். யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் மழித்துக்கொள்கிறார்.

"தப்பா ஏதாவது சொன்னேனா? யாராவது குறை சொன்னாங்களா?... பாத்தியா, நன்றி சொல்லிட்டுப் போகத்தானே உன் ஆபீஸுக்கு வந்திருக்காங்க!... பைப் பேண்டு வியாழக்கிழமை ஏழு மணின்னு போட்டிருக்கே. அவனுங்க என்னைக்கு ஏழரைக்கு முன்னாடி வந்திருக்கானுங்க? மெதுவா சாப்பிட்டுட்டு வாங்கன்னு நான்தான் சொல்றேன். காத்து நின்னுட்டா மிட்ஜ் பூச்சி பிச்சுத் தின்னுடும், காத்தடிக்கற முனைப்பக்கம் போயிடுங்கன்னு உன் நோட்டீஸ்ல இருக்கா? நான் சொல்றேன்... ஒரு ஜெர்மன்காரர் கேட்டாரு, ஏரித் தண்ணி எவ்வளவு குளிரும்னு. இறங்கினா தெரியும்னேன். இறங்கிட்டு வந்து திரும்பப் போன் பண்ணித் திட்டினாரு. நல்ல மனுஷன்."

சிரிக்க வைத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பார்த்தார். ஷோனா சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையா?... எந்த வெள்ளிக்கிழமை?... ஓ... ஆமா. அது உன் நோட்டீஸ்ல இல்லதான்... இருபத்திமூணு பேருன்னு யார் சொன்னாங்க? போன வாரம் இருபத்தாறு. நான் எண்ணினேன்... இல்ல, அங்கே போகல. இங்கேருந்துதான். ஜன்னல்லேருந்து, பைனாகுலர்ல... வெள்ளிக்கிழமைக்கு நீ ஒண்ணுமே போடலையே கண்ணு! டண்டீலேருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவாம், ரெட்டைப் பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு வர்றாராம், என்ன இருக்குன்னாரு. ஒண்ணும் இல்லேன்னு சொல்ல வாய் வரல. சில்லு எறியறது இருக்குன்னுட்டேன். தட்டையான கல்லா எடுத்து, தண்ணி மேல தத்தித் தத்திப் போறாப்பல... எனக்கேம்மா பாடம் எடுக்கறே? பெரிய கல் கூடாது, குனிஞ்சு எறியணும், முன்னாடி யாரும் நிக்கக் கூடாது, எல்லாத்தையும் போன்லயே சொல்லித்தான் அனுப்பறேன்... யாரு?"

மர்டோ பைனாகுலரைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார்.

"ஆமா... ஆமாம்மா. எஃபின்னுதான் சொன்னேன்."

போன வருஷம் ஜூன் மாதம் மர்டோவின் மனைவி எஃபியின் அடக்கத்துக்கு ஷோனா வந்திருந்தாள். பெரிய தட்டு நிறைய சாண்ட்விச் கொண்டுவந்து, கடைசி ஆள் கிளம்பும்வரை இருந்து பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

"ஷோனா?... இருக்கியா?... ஏதாவது பேசு கண்ணு... இல்லம்மா, எனக்குப் புத்தி ஒண்ணும் பிசகல. தெரியும். பெட்டியைக் குழிக்குள்ள இறக்கறப்போ தலைமாட்டுக் கயிறு நான்தானே பிடிச்சேன்... அந்த டண்டீ மனுஷன் கேட்டாரும்மா, அங்கே யாரு இருப்பாங்கன்னு. எஃபி இருப்பான்னு வாயில வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள் இல்லையா? பன்னெண்டரைக்கு நான் பஸ் எடுக்கணும். அதுக்கு முன்னாடி பதினோரு மணிக்கு பிளாஸ்க்குல டீ எடுத்துக்கிட்டு அவ கரைக்கு வந்துடுவா. முப்பத்தெட்டு வருஷம். தோத்தவங்க டீ ஊத்தணும். முப்பத்தெட்டு வருஷமும் நான்தான் ஊத்தினேன்... பதினோரு தத்து போடுவா. நான் நாலு, அஞ்சு... வாய்க்கு அதுதான் பழக்கம். வெள்ளிக்கிழமை பதினோரு மணியா, எஃபி இருப்பா. சொன்னதைத் திருப்பி எடுத்துக்க முடியல... எடுத்துக்கப் பிடிக்கல. அதுதான் நிஜம்."

மர்டோ ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கேளு, கேளு. வர்றவங்க ஒருத்தரை ஒருத்தர் போய்க் கேக்கறாங்க, நீங்கதான் எஃபியான்னு. இல்லைங்க, நீங்களான்னு அவங்க. இப்படியே பேச ஆரம்பிச்சு, யாரோ ஒருத்தர் முதல் கல்லை எடுத்து விடறாங்க, அப்புறம் எல்லாரும். போன வாரம் நீலக் கோட்டுல ஒரு அம்மா வந்தாங்க. எல்லாரும் அவங்களைச் சுத்திக்கிட்டாங்க. அந்த அம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? சரி நான்தான்னு ஒத்துக்கிட்டு, ஒரு பாறை மேல உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க! எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. பைனாகுலரையும் கீழ வெக்க முடியல... அழறியா? நீ அழாதேம்மா, ஆபீஸ்ல யாராவது பார்ப்பாங்க."

மூக்கைத் துடைத்துக்கொண்டதும் ஷோனா மறுபடி அலுவலகத்து ஷோனாவாகிவிட்டாள் போலிருக்கிறது. மர்டோவின் முகம் சுருங்கியது.

"திங்கட்கிழமையேவா?... புது நோட்டீஸ் அச்சுக்குப் போயிடுச்சா?... ஆகஸ்ட் முடியட்டுமே. இன்னும் மூணு வாரம்தானே. நான் ஏதாவது கேட்டேனா உங்ககிட்ட? சும்மாதானே பேசறேன்... தெரியும். தெரியும்மா. உன் மேல தப்பில்ல... சரி. திங்கட்கிழமை... இன்னைக்குமா? இன்னைக்கு எப்படி நிறுத்தறது, மணி பதினொண்ணாகப் போகுது!... யாருக்காவது அடிபட்டா யார் பொறுப்புன்னா... பொறுப்பாளர்னு ஒருத்தர் கரையில நிக்கணும். சரி. பேர் எழுதிக் குடுத்திருக்கணும். சரி, சரி. ஆள் இல்லேன்னா கூட்டத்தைக் கலைக்கணும். நீ வந்து சொல்லேன்... இருபது நிமிஷம் ஆகுமா... நானா?"

ஜன்னலுக்கு வெளியே தூறல் பிடித்திருந்தது. கீழே கூழாங்கல் கரையில் ஏழு பேர். சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி இன்னொருத்தியிடம் போய் ஏதோ கேட்டாள். அவள் தலையாட்டி மறுத்தாள். இன்று யாரும் முதல் கல்லை எடுக்கவில்லை. ஒரு தம்பதி காரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முட்டிவலிம்மா... கடைக்கு வந்தப்போ பார்த்தியா? ஆமா, கடைக்குப் போறேன். கடை மேல இருக்கு, கரை கீழ இருக்கு... முட்டி இல்ல. சரி. முட்டி நல்லாத்தான் இருக்கு. பதினாலு மாசமா அந்தக் கரைக்கு நான் இறங்கல, அவ்வளவுதான்... போய் என்னன்னு சொல்லச் சொல்றே? எஃபி வரமாட்டான்னா?... அதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் வாய்விட்டுச் சொன்னதில்ல கண்ணு. ஊருக்கே தெரியும். அதனால யார்கிட்டயும் சொல்ல வேண்டி வரல... அவங்களுக்கு என் மூஞ்சியே தெரியாது. போன்ல பேசின குரல் மட்டும்தான் தெரியும்... கிளம்பறாங்க. ஷோனா, ரெண்டு பேர் கிளம்பறாங்க. நனைஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க, பாவம்."

ஜன்னலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என்று எஃபி பொறுக்கி வைத்த கற்கள். அந்த வெள்ளிக்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மர்டோ ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டப்பாவை இழுத்தார். கனமாகத்தான் இருந்தது.

"பேர் எழுதிக்கோ... பொறுப்பாளர் பேர்தான் கேட்டியே. மர்டோ மக்ஃபெயில். வயசு எழுபத்தாறு. அனுபவமா? நல்லாத் தோக்கத் தெரியும், டீ ஊத்தத் தெரியும்னு எழுது... ஆமாம்மா, போறேன். அவ வரமாட்டா, நான்தான் வந்திருக்கேன்னு சொல்லிடறேன்... முடியும், முடியும்... இரு, இரு, வெச்சுடாதே! ஷோனா! நான் போனை வெக்கல, மேஜை மேல வெச்சுட்டுப் போறேன். நீயும் வெக்காதே... நீ உன் வேலையைப் பாரு, பேசவே வேணாம். லைன் மட்டும் இருக்கட்டும். திரும்பி வந்து கதவைத் திறக்கறப்போ வீட்டுல யாராவது இருக்கணும் கண்ணு."

பதிலுக்குக் காத்திருக்காமல் ரிசீவரை மேஜைமேல் மல்லாக்க வைத்தார். கதவுக்குப் பின்னால் எஃபியின் நீலக் கோட்டும் அவருடைய கோட்டும் ஒரே கொக்கியில் தொங்கின. தன்னுடையதை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டு, டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏரிப்பக்கத்துக் கதவைத் திறந்தார்.