மலையம்மாள் பர்னிச்சர்ஸ் புகையைக் குறைத்த விதம்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். ரைட்டரை எழுதச் சொல்லுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் பாண்டியராஜன். வில்லாபுரம் மலையம்மாள் பர்னிச்சர்ஸில் பசுமை மேலாளர். இங்கே வாடிப்பட்டியில் எரிந்த குடோன் எங்களுடையதுதான். அதற்காக வாட்ச்மேன் முத்திருளனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பீடி நெருப்பு என்று பேப்பரிலும் வந்துவிட்டது. அது தவறு. திருத்தத்தான் வந்தேன்.

போன தையில் எங்கள் முதலாளி நல்லகாமன் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போனார். அங்கே கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, பூமி சூடாகிறது, எங்கள் புகையைக் குறைக்கிறோம் என்று சபதம் எடுத்திருக்கிறார்கள். மைக்கைக் கண்டால் முதலாளிக்குக் கை பரபரக்கும். அவரும் எடுத்தார். ஊர் திரும்பியதும் கடை வாசலில் ஆளுயரப் போர்டு: 'மார்கழிக்குள் எங்கள் புகை பாதி.'

மெத்தை செக்‌ஷனில் கிடந்த என்னைக் கூப்பிட்டுப் பச்சைச் சட்டை கொடுத்தார். "இந்தாப்பா, இனி நீதான் பசுமை மேலாளர். புகை குறையல, திரும்ப மெத்தை தட்டப் போயிருவ."

அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போன அன்றுதான் என் மனைவி பாண்டிமீனா முதன்முறையாக "வாங்க" என்றாள். அதைத் தொலைக்க எந்த மனிதனுக்கு மனசு வரும்?

கணக்குப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கடை லாரியின் டீசல், ஜெனரேட்டர் டீசல், கரண்ட். இவைதான் எங்கள் புகை என்றார்.

முதலில் ஏசியை நிறுத்தினேன். சோபாவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுந்தபோது சோபாவும் கூடவே எழுந்தது. அடுத்தது லாரி. நம் பக்கம் கட்டில், பீரோ என்றால் சீர். சீரியல் பல்பு, ரேடியோ செட்டு, ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றி லாரி ஊரைச் சுற்றி வந்தால்தான் தாய்மாமனுக்கு மரியாதை. ஒத்தக்கடைக் கல்யாணம் ஒன்றுக்கு நான் மாட்டு வண்டியில் அனுப்பினேன். யானைமலை நிழலைக் கண்டதும் மாடுகள் படுத்துவிட்டன. கட்டில் போய்ச் சேர்ந்தபோது பெண் மறுவீட்டுக்கே வந்துவிட்டாள்.

பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"என்னண்ணே இது, அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி நான் சீரு கொண்டாந்தேனா, வைக்கோல் கொண்டாந்தேனா? மாப்ள வீட்டுக்காரவுக கேக்குறாக, கட்டிலு முன்ன வருமா, தொட்டிலு முன்ன வருமான்னு."

முதலாளி அன்றைக்கே லாரியை எடுக்கச் சொல்லிவிட்டார். போர்டைக் கழற்றச் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, லாரி நின்றது, புகை விழுந்தது. நன்றாகத் தூங்கினேன். ஆனால் ஆவணி என்று ஒன்று வருமே. குடோனில் கூரை முட்டக் கட்டில்கள், அத்தனையும் ஆவணி முகூர்த்தத்துக்கு. அவற்றைப் பார்த்தால் எனக்குத் தேக்கு தெரியவில்லை மேடம், டீசல்தான் தெரிந்தது. கட்டில் வெளியே போனால் புகை. போகாவிட்டால் புகை இல்லை.

சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். "சார், மரம் எரிஞ்சா எந்தக் கணக்கு?"

"உங்க கணக்குல டீசலும் கரண்டும்தான் பாண்டியராஜன். ஏன் கேக்குறீங்க?"

"சும்மா, பொது அறிவுக்கு" என்றேன்.

ஆடிக் கடைசி வெள்ளி, சாப்பாட்டு நேரம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று முத்திருளனை அனுப்பிவைத்தேன். உயிர்ச்சேதம் எனக்குப் பிடிக்காது. பிறகு வார்னிஷ் டின்களைத் திறந்து ஊற்றி, தீக்குச்சி கிழித்தேன். டீசலை ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. தொட்டால் கணக்கில் ஏறிவிடும்.

சோழவந்தான் வரைக்கும் புகை தெரிந்ததாம். தீயணைப்பு வண்டிகள் எரித்த டீசல் அரசாங்கக் கணக்கு. மயங்கி விழுந்த முதலாளியை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக் கணக்கு. எங்கள் லாரி ஷெட்டைவிட்டு நகரவில்லை. கடையும் பூட்டியாகிவிட்டது. போர்டில் பாதி என்றுதான் போட்டிருந்தோம். நான் முழுதாகவே முடித்துக் கொடுத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் முதலாளியைப் பார்த்தேன். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"முத்திருளன் ஒத்தப் பீடியில எல்லாத்தையும் முடிச்சுப்புட்டான்யா."

எனக்குப் பொறுக்கவில்லை மேடம். சொன்ன வாக்கு நிறைவேறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. அதுவும் முத்திருளன் பெயரில். விடிந்தால் அடைந்தால் பீடியும் கையுமாக இருக்கிற மனிதர் அவர். புகையை ஒழித்த பெயர் அவருக்குப் போனால் அடுக்குமா?

அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தீ வைத்தது நான். ரைட்டர் ஐயா, கையெழுத்து எங்கே போடணும்? பெயருக்குக் கீழே பசுமை மேலாளர் என்றும் இருக்கட்டும்.

கோர்ட்டுக்கு ஜீப்பை எடுக்கச் சொல்லாதீர்கள் மேடம். பக்கம்தானே, நடந்தே போய்விடலாம்.