ஐந்து கிராம்

இந்த நாற்காலிக்கு நன்றி. என் அறையில் இருப்பது இடப்பக்கம் சாயும். நான்கு வருடமாக ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பொறியியல் கல்லூரியில் சாயாத நாற்காலி விசாரணை அறையில்தான் இருக்கிறது என்று சற்றுமுன் டீன் அவர்களிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோன்பு மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு யாரிடமும் சிரிப்பை எதிர்பார்க்கக் கூடாது.

எழுதிக்கொள்பவருக்குச் சிரமம் வேண்டாம், மெதுவாகவே சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. செய்தது நான்தான். ஏன் செய்தேன் என்பதைக் கேட்டால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்றே நினைக்கிறேன்.

நம் கல்லூரியில் ஆயத்த ஆண்டு என்கிற முதலாண்டில் ஆயிரத்து இருநூறு பேர் ஒரே கூடத்தில் உட்காருகிறார்கள். கடைசி வரிசைக்குக் கரும்பலகையும் தெரியாது, பாடம் எடுக்கும் என்னைப் போன்ற பேராசிரியரும் தெரியாது. முதல் ஆண்டிலேயே முந்நூறு பேர் தோற்றுப் போகிறார்கள். அதனால்தான் செறிவூட்டிய முதலாண்டுத் திட்டத்தை எழுதினேன். நாற்பது பேர், சிறிய வகுப்பு, ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி, வியாழக்கிழமைதோறும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அவரைப் பருப்பு ஃபூல், தஅமிய்யா வடை. முதலாண்டில் எந்தப் பிள்ளையும் தனியாக நிற்கக் கூடாது என்பது என் முதல் வாக்கியம். பிரதி உங்கள் கோப்பில் இருக்கும்.

தொடக்கத்தில் அது சரிப்பட்டு வரவில்லை. வாசலில் தஅமிய்யா பொரிப்பவன் முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் "பாஷ்முஹந்திஸ்" என்று கூப்பிட்டுவிடுகிறான். இரண்டு வாரத்தில் நாற்பது பேருமே தலைமைப் பொறியாளர் ஆகிவிட்டார்கள். எவனும் எவனுக்கும் குறிப்பேட்டைக் காட்டவில்லை. வியாழக்கிழமைச் சாப்பாட்டில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

நவம்பரில் கிரொல்லோஸ் என்ற மாணவனின் தகப்பனார் இறந்தார். மற்ற முப்பத்தொன்பது பேரும் மூன்று வேன் பிடித்து அடக்கத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் வேறு பிள்ளைகள். ஒருவனுக்காக மற்றவன் குறிப்பு எழுதினான், சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஆண்டு நாற்பது பேரும் தேறினார்கள். தலைநகரிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, இதை அடுத்த ஆண்டும் செய்ய முடியுமா என்று கேட்டது. முடியும் என்றேன்.

இரண்டாம் ஆண்டு யாருடைய தகப்பனாரும் இறக்கவில்லை. டிசம்பர் வரை பொறுத்துப் பார்த்தேன்.

பட்டறைப் பயிற்சி உங்களுக்குத் தெரியும். நீங்களும் அந்த வழியாக வந்தவர்கள்தானே. ஒரு இரும்புக் கட்டியைக் கொடுத்து, அரத்தால் ராவி, ஆறு சென்டிமீட்டர் சதுரமாக, இரண்டு சென்டிமீட்டர் கனமாக்கச் சொல்கிறோம். இயந்திரம் கிடையாது. ஐந்து வாரம், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பிறகு அளக்கிறோம். அளவு தவறினால் கட்டி தோல்வி. கட்டி தோற்றால் திட்டத்திலிருந்து விலகி, ஆயிரத்து இருநூறு பேர் கூடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த விதியும் நான் எழுதியதுதான். அப்போது எந்த உள்நோக்கமும் இல்லை.

கட்டிகளை ஒப்படைத்த பிறகு அவை அலமாரியில் இருக்கும். மேற்பார்வையாளர் உஸ்தா காபர் நண்பகல் தொழுகைக்குப் போகும்போது சாவி என்னிடம் இருக்கும். ஒரு பக்கத்தில் அரை மில்லிமீட்டரை ராவ எனக்கு இருபது நிமிடம் போதும். உஸ்தா தொழுகையை அவசரப்படுத்துகிற ஆள் அல்ல.

ஒருநாள் திரும்பி வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன டாக்டர், சட்டைக் கையில இரும்புத் தூளு?"

"பட்டறைக்குள்ள வந்தா சும்மா விடுமா உஸ்தா?"

"எனக்கு ஒட்டினா துணி துவைக்கிறவ திட்டுவா. உங்களுக்கு ஒட்டினா அது ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு அவர் டீ போடப் போனார். அவருக்கு எதுவும் தெரியாது. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் கவனமாக இருந்தேன். மந்தமான பிள்ளை தோற்றால் யாரும் வருந்தமாட்டார்கள். எல்லோருக்கும் பிடித்த பிள்ளையாக, கைவேலை சுத்தமான பிள்ளையாக இருக்க வேண்டும். முதலில் ஃபாரிஸ். அவன் வணிகவியலுக்கு மாறிவிட்டான், நன்றாக இருப்பதாகக் கேள்வி. அடுத்து நதா. அவளைப் பற்றித் தகவல் இல்லை. இரண்டு ஆண்டும் மீதி முப்பத்தொன்பது பேரும் தேறினார்கள். தனிமரம் தோப்பாகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தோப்பாவதற்கே ஒரு தனிமரம் வேண்டும் என்பது தோப்பு வைத்தவனைக் கேட்டால்தான் தெரியும்.

மூன்றாவது ஷுரூக். தமன்ஹூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, அப்பா தையற்காரர். காலை ரயிலில் நானும் அவளும் ஒரே பெட்டியில் வருவோம். கட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். அத்தனை பேரும் கொப்புளத்துக்கு அவளிடம்தான் களிம்பு வாங்கினார்கள். எனக்கும் அவளைப் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டி தோற்ற மறுநாள் ஒரு சின்ன நோட்டுடன் என் அறைக்கு வந்தாள். தெருமுனையில் ஹாஜ் முத்வல்லியின் மசாலாக் கடையில் தினமும் மாலை கட்டியை நிறுத்து எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஒப்படைக்கிறதுக்கு முந்தின நாள் ஐந்நூத்தி அறுபத்தஞ்சு. நேத்து திருப்பிக் கொடுத்தப்புறம் நிறுத்தா ஐந்நூத்தி அறுபது. அஞ்சு கிராம் எங்க போச்சு?"

"சீரகம் நிறுக்குற தராசும்மா அது."

"சீரகத்துக்கு ஒரு அஞ்சு கிராம், இரும்புக்கு ஒரு அஞ்சு கிராமா, டாக்டர்?"

நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிற பிள்ளைக்காகத்தான் இந்தத் திட்டமே. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன்.

"தராசு ரெண்டு தடவையும் தப்பா காட்டிச்சுன்னு நான் சொல்லல மகளே. ஒரு தடவ சரியா காட்டியிருக்கும். அது எந்தத் தடவன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நோட்டைப் பார்த்தாள்.

"அஞ்சு வாரம் ராவின கை. அசதியில கண்ணு ஒண்ணப் பாக்கும், கை ஒண்ண எழுதும். எனக்கும் நடந்திருக்கு. நீ பார்த்தத நீயே நம்புறியா, சொல்லு."

நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் புரட்டினாள். பிறகு, "தெரியல டாக்டர்" என்றாள். நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தருகிறேன்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் மறுநாள் என் வாசலில் நின்றார்கள். "அவள அனுப்பினா நாங்களும் போறோம், டாக்டர். வியாழக்கிழமை ஃபூல நீங்களே உக்காந்து சாப்பிடுங்க" என்றான் ஒரு துடுக்குப் பயல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விதியை மாற்ற முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர்கள் திட்டத்தை விட்டுப் போகவில்லை, ஆனால் ஒன்றாகிவிட்டார்கள். மூன்று வாரம் முறைவைத்து அவள் வீட்டுக்குக் குறிப்புகள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு தேர்வு வந்துவிட்டது. திட்டம் தொடங்கியதிலிருந்து அதுதான் மிகச் சிறந்த சராசரி.

ஷுரூக் பெரிய கூடத்தில் தேர்வு எழுதினாள். அவள் விடைத்தாள்களை வரவழைத்துப் பார்த்தேன். ஐந்து கேள்வியில் இரண்டுக்குத்தான் பதில். இரண்டும் முழுக்கச் சரி. ஒவ்வொன்றையும் ஏழெட்டு முறை அழித்து, அதே விடையைத் திரும்ப எழுதியிருந்தாள். நேரம் அதிலேயே போய்விட்டது. மறு ஆண்டு அவள் பதிந்துகொள்ளவில்லை.

இந்த ஆண்டு நடந்தது உங்களுக்கே தெரியும். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் அந்த நோட்டுக் கதையைக் கொண்டுவந்து வகுப்பில் சொல்லியிருக்கிறான். நாற்பது பேரும் தங்கள் கட்டிகளை ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்து, ஒருவருக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். இருபத்தேழாம் எண் கட்டி ஐந்து கிராம் குறைந்ததும், நாற்பது பேரும் சேர்ந்து டீனிடம் வந்தார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. ஒற்றுமைக்குச் சான்று கேட்கும் இடம் ஆண்டறிக்கையில் ஐந்தாம் பகுதி. இதை அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஷுரூக்கைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

அவள் இப்போது ஹாஜ் முத்வல்லி கடையில்தான் வேலை செய்கிறாள். வாரம் ஒருமுறை சீரகம் வாங்கப் போவேன். நிறுப்பாள், கொட்டுவாள், மறுபடி நிறுப்பாள், மறுபடி கொட்டுவாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "சீரகம்தானம்மா, தங்கமா? நோன்பு திறக்குறதுக்குள்ள கட்டிக் கொடு" என்று ஹாஜ் உள்ளேயிருந்து கத்துவார். அவள் தராசு முகத்தை என் பக்கம் திருப்புவாள்.

"டாக்டர், இருநூத்தி அம்பதுதான? நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். "சரியா இருக்கு மகளே" என்பேன். அதன் பிறகுதான் பொட்டலத்தை மடிப்பாள்.

நான் என்ன செய்தேன் என்று அவளிடம் சொல்லி யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அவள் தன் கண்ணை நம்புவதில்லை, கையை நம்புவதில்லை. இந்த உலகத்தில் இன்னும் நம்புவது என் ஒருவனைத்தான். அதையும் அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.