றொய்சனை அஜக்ஸுக்குக் கொடுத்தது

கூடைப்பந்து எனக்கு ஆடத் தெரியாது. அணி நடத்துவதற்கு அது தேவையுமில்லை. மண்டபத்துக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், தண்ணீர்ப் போத்தல் ஏற்ற வேண்டும், சனிக்கிழமை காலையில் நித்திரை கொள்கிறவர்களைப் போன் அடித்து எழுப்ப வேண்டும். இது தெரிந்தால் எங்கள் தமிழ் லீக்கில் யாரும் மனேச்சர் ஆகலாம்.

என்னை லிங்கண்ணை என்பார்கள். அஜின்கோர்ட்டில் றொய்சனின் வீட்டுப் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறேன். றொய்சன் மட்டக்களப்பான். அந்த ஊரில் வளர்ந்தவனுக்குக் கூடைப்பந்து நடையைப்போல வரும். இருவருக்கும் ஒரே கொங்கிறீற் வேலை. பகல் முழுக்க ஈரக் கொங்கிறீற்றில் நின்றவன் பின்னேரம் எப்படி அப்படி எழும்பிப் பாய்கிறான் என்று எனக்கு விளங்கியதேயில்லை. எங்கள் அணிக்குப் பெயர் வந்ததே அவனால்தான். அவன் மனைவி ஷாமிலா ஞாயிறுகளில் எனக்கும் சேர்த்துச் சமைப்பாள். எனக்கு வேறு ஆட்கள் இல்லை.

நாற்பது தாண்டியபின் அவனால் அணிக்குக் கேடு வந்தது. கோபத்தில் சொல்லவில்லை. அவன் களத்தில் நிற்கும்வரை பந்து அவனிடமே போகும். மற்றவர்கள் கூடையைப் பார்க்காமல் அவனைப் பார்ப்பார்கள். எதிரணிக்கும் அது தெரியும். லீக்கில் கடைசி இடத்துக்கு வந்தோம். பழைய தூணை எடுக்காமல் புது அறை வராது என்று கட்டட வேலை செய்த எவனும் சொல்வான்.

எங்கள் லீக்கில் சீசன் தொடங்குமுன் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். பக்கத்து நகரமான அஜக்ஸின் அணியை நடத்துகிற லவன் இந்த நாட்டிலேயே பிறந்த பொடியன். றொய்சன் ஆடினால் மட்டக்களப்புச் சனம் குடும்பமாகப் பார்க்க வரும் என்பது அவன் கணக்கு. பதிலுக்கு ஜதுர்சன், ஜோசுவா என்று இரண்டு பேரைத் தருவதாகச் சொன்னான். உயரமான, இருபது வயதுப் பிள்ளைகள்.

அதற்குச் சற்று முன்னர்தான் றொய்சன் பயிற்சியில் மயங்கி விழுந்திருந்தான். இதய டாக்டரிடம் போக முறை வந்தபோது லவனோடு பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. றொய்சனின் ஆங்கிலம் வேலைத்தளத்தோடு நின்றுவிடும். ஷாமிலாவுக்கு வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். நான் கூடப் போனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். நான் அவனுடைய தமையன், நானே போதும் என்றேன். தொடர்புக்கும் என் நம்பரையே கொடுத்தேன். றொய்சன் வேலையில் போன் எடுப்பதில்லை.

இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, இனி ஓடி விளையாடக் கூடாது, விளையாடினால் நின்ற இடத்திலேயே உயிர் போகலாம் என்றார் டாக்டர். நெஞ்சுக்குள் ஒரு கருவி வைப்பது பற்றி அடுத்தமுறை பேசலாம் என்றார். படமும் கீறிக் காட்டினார். றொய்சன் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான்.

“இதயம் கொஞ்சம் களைச்சுப்போச்சாம். ரெண்டு கிழமை ஓய்வெடுத்தாச் சரியாம்,” என்றேன்.

லிஃப்டில் கேட்டான்: “என்னண்ணை, அந்த மனிசன் அவ்வளவு நேரம் கதைச்சார். நீங்க ஒரு வரியில முடிச்சிட்டீங்க.”

“டாக்டர்மார் உப்பிடித்தான். பயங்காட்டாட்டி அவையளுக்கு நித்திரை வராது.”

“அப்ப நான் சாகமாட்டன்.”

“நீயோ? என்னைச் சுடலைக்கு எடுத்துப்போட்டுத்தான் போவாய்.”

சிரித்தான். வீட்டு வாசலில் ஷாமிலா நின்றாள். “லிங்கண்ணை, உண்மையா ஒண்டுமில்லையா?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அன்று ஞாயிறு இல்லை. ஆனாலும் எனக்கு நண்டுக்கறி வந்தது.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் ஆட்டத்தை விட்டிருப்பான். ஆட்டத்தை விட்டவனுக்கு யாரும் இரண்டு பேரைத் தரமாட்டார்கள். தூணும் போய் அறையும் வராமல் நின்றிருப்போம். அஜக்ஸில் அவனை அதிகம் ஓடவிடமாட்டார்கள் என்றும் நினைத்தேன்.

லவன் போனில் கேட்டான்: “அங்கிள், ஆள் ஓகேயா? லைக், ஃபுல் சீசன் ஓடுவாரா?”

“இதய டாக்டரிட்டயே கொண்டுபோய்க் காட்டினனான்.”

“ஓ, நைஸ். எங்கட ஆக்கள் ஒருத்தரும் அவ்வளவு செக் பண்ணமாட்டினம்.”

அவனிடம் நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

றொய்சனிடம் சொன்னபோது சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். “என்னை விக்கிறீங்களா அண்ணை?”

“மாத்திறன்.”

“நானெல்லோ உங்களுக்கு வீட்டுக்காரன். நான்தானே உங்களை மாத்தவேணும்,” என்றான். பிறகு மற்றச் சப்பாத்தையும் கழற்றிவிட்டு, சரி என்றான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்க ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்தார்கள். அவர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் எடுக்கிறோம் என்றேன்.

ஜூலையில் அஜக்ஸில், இரண்டாம் பாதியில் விழுந்தவன் எழும்பவில்லை. பந்து அவன் கையில் இருக்கவில்லை என்று சொன்னார்கள். ஷாமிலாவும் மகள் தேனுகாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே இல்லை. எங்களுக்கு அதே நேரம் வேறொரு ஆட்டம். ஜதுர்சன் அன்று நன்றாக ஆடினான்.

வயது போன நட்சத்திரத்தைக் கொடுத்தால் அணி மீளுமா என்று லீக்கில் இன்னும் வாதாடுகிறார்கள். மீளும். நாங்கள் இரண்டாம் இடத்துக்கு வந்தோம். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்து பொடியள் கொத்துரொட்டி சாப்பிடப் போனார்கள். நான் பந்துகளைப் பையில் போட்டு, மண்டபத்துக் கதவைப் பூட்டி, காருக்குள் கொஞ்சநேரம் இருந்தேன். சாப்பிட வாங்கோ என்று என்னைக் கூப்பிட்டுவந்தவன் றொய்சன்தான்.

கொங்கிறீற் வேலைதான் அவனைத் தின்றது என்று ஷாமிலா நம்புகிறாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

டாக்டர் அன்று இன்னொன்றும் சொன்னார். இது இரத்தத்தில் வருவது, பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உடனே சோதிக்க வேண்டும் என்றார். மரண விசாரணை செய்தவரும் போனில் அதையே சொன்னார். அந்த அழைப்பும் எனக்குத்தான் வந்தது. அதைச் சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று ஷாமிலா கேட்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் இருக்க முடியாது.

தேனுகா தகப்பனைப்போலவே எழும்பிப் பாய்கிறாள். இந்தக் கோடையில் பெண்கள் அணி தொடங்குகிறோம், அவளைச் சுற்றித்தான் கட்டுகிறேன். ஒரேயடியாக மறைத்துவிடுகிற ஆள் நான் இல்லை. சீசன் முடியட்டும், சொல்லிவிடுவேன்.