முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர், அச்சகத்து ஐயா அவர்களே! மேடையில் இடம் போதாமல் தன் நாற்காலியையே எனக்குத் தந்துவிட்டு ஓரமாய் நிற்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தவர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாய் வந்து சுவரோரம் சாய்ந்து நிற்கும் தாய்மார்களே! வேலைச் சீருடையைக்கூட மாற்ற நேரமின்றி ஓடிவந்திருக்கும் தந்தைமார்களே! இவள் எப்போது பேசி முடிப்பாள், பிஸ்கட் எப்போது வரும் என்று தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் நான்காம் வகுப்புச் செல்வங்களே! உங்கள் எல்லாரையும் இரு கை குவித்து வணங்குகிறேன்.

தலைவர் அவர்கள் சற்று முன் என் கையில் ஒரு கேடயம் தந்தார். பளபளக்கும் கேடயம். பார்த்தவர் கண்ணைப் பறிக்கும் கேடயம். கணக்குத் தேர்வை முப்பத்திரண்டு பிள்ளைகள் எழுதினார்கள், முப்பத்திரண்டு பேரும் நூற்றுக்கு நூறு என்று அதில் பொறித்திருக்கிறது. அழைப்பிதழிலும் அதையே பெரிய எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் என் படத்தையும் போட்டிருக்கிறார். பத்து வருடத்துக்கு முந்தைய படம். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் இரண்டு நிமிடத்துக்குத்தான் உங்களுக்குச் சிரிப்பு வரும். நான் நன்றி சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அதைச் சொல்லலாம் என்று அனுமதி தந்த தாய் இதே கூட்டத்தில் இருக்கிறார்.

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ஒன்பது வயது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கேஷியர். ஏன் கேஷியர்? வகுப்பின் மூலையில் நான் ஒரு கடை வைத்திருந்தேன். காலி சோப்பு உறை, காலித் தீப்பெட்டி, காலி எண்ணெய்ப் புட்டி, எல்லாவற்றிலும் விலைச்சீட்டு. ஆனால் காசு மட்டும் நிஜக் காசு, என் கைப்பையிலிருந்து வந்த காசு. வாங்குகிறவர் வாங்க, விற்கிறவர் விற்க, மீதிச் சில்லறையைக் கையில் எண்ணி வைக்க வேண்டும். ஒரே மாதத்தில் அந்தப் பெண் கல்லாவைப் பிடித்துவிட்டாள். என் பையிலிருந்து போன காசு ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தது. அவள் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் அப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவர். அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஐந்து நாள் சாலையில். வீட்டில் இரண்டு வயதுத் தம்பி. சென்ற மாதம் தம்பிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, ஓயாத அரிப்பு. காலையில் அம்மா டாக்டரிடம் காட்டினார். வேலைக்கு நேரமாகிவிட்டது. மருந்துச் சீட்டையும் ஒரு நூறு நோட்டையும் மகளிடம் கொடுத்து, பள்ளிக்கூடம் விட்டதும் மாத்திரை வாங்கி அவளே தம்பிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடினார். அவரைக் குறை சொல்ல இங்கே யாருக்கு உரிமை இருக்கிறது? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வாரமே ஆட்டம் காணும் வீடுகள் இந்தத் தெருவில் எத்தனை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பெண் மருந்துக்கடைக்குப் போனாள். மாத்திரையின் விலை முப்பத்தேழு ரூபாய். நூறு நீட்டினாள். கடைக்காரர் அவசரத்தில் ஐம்பத்து மூன்று கொடுத்தார். அவள் நகரவில்லை. எட்டாத மேசைமேல் எக்கி நின்று சில்லறையைப் பரப்பினாள். முப்பத்தேழோடு மூன்று சேர்த்தால் நாற்பது, நாற்பதோடு அறுபது சேர்த்தால் நூறு, ஆகவே இன்னும் பத்து வரவேண்டும் என்று எண்ணிக் காட்டினாள். கடைக்காரர் அசந்துபோனார். பத்தையும் கொடுத்து ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து இந்த இடத்தில் கைதட்டாதீர்கள். நானும் கேட்டபோது மனதுக்குள் கைதட்டியவள்தான். விபரீதம் இங்கேதான் தொடங்கியது.

இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்கு வேறென்ன விளக்க வேண்டும் என்று கடைக்காரர் நினைத்துவிட்டார். டாக்டர் எழுதியது கால் மாத்திரை. தினம் ஒரு வேளை, எட்டு நாளைக்கு இரண்டே மாத்திரை போதும். ஆனால் அந்தக் கடையில் நாலுக்குக் குறைத்து வெட்டுகிற வழக்கம் இல்லை. ஒரு பெரிய அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்திரியால் வெட்டினார். மேலே இரண்டு, கீழே இரண்டு. காகித உறையில் போட்டு, உறைமேல் 1/4 என்று எழுதினார்.

"சாயங்காலம் சாப்பிட்டதும் கால் குடுக்கணும். காலுன்னா என்னன்னு தெரியும்ல?"

"தெரியும் மாமா. நாலுல ஒண்ணு."

சரியான பதில்! என் வகுப்பில் முப்பத்திரண்டு குரலும் ஒரே குரலாய் ஒலித்த பதில்! நான் சொல்லிக் கொடுத்து, நான் திருப்பிக் கேட்டு, நான் சிவப்பு மையில் சரி போட்ட பதில்!

வீட்டுக்குப் போனாள். தம்பிக்குச் சோறு ஊட்டினாள். அட்டையை எடுத்தாள். அதில் நாலு மாத்திரை. நாலில் ஒன்றைப் பிரித்தாள். முழு மாத்திரை. தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்தாள்.

உங்களில் சிலர் நெஞ்சில் கை வைத்துவிட்டீர்கள். இன்னும் சிலருக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. அவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். ஒரு மாத்திரையை நாலாக்கி அதில் ஒரு துண்டு கொடுத்திருக்க வேண்டும். அவள் நாலு மாத்திரையில் ஒரு மாத்திரையைக் கொடுத்தாள். அளவுக்கு நான்கு மடங்கு, அதுவும் தூக்கம் வரவைக்கும் அரிப்பு மருந்து.

அம்மா எட்டு மணிக்கு வந்தார். பிள்ளை தூங்குகிறான். தூக்கினார், தலை தொங்கியது. தட்டினார், தண்ணீர் தெளித்தார், கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினார்கள். என்ன கொடுத்தீர்கள் என்று நர்ஸ் கேட்க, அந்தப் பெண் அட்டையை நீட்டினாள். மூன்று மாத்திரை மிச்சம். தான் கால்தான் கொடுத்ததாக அவள் அழாமல், தெளிவாகச் சொன்னாளாம். அந்த நிமிடம் வரை அவளுக்குத் தன் கணக்கில் ஒரு சந்தேகமும் இல்லை.

மறுநாள் காலை செய்தி கேட்டு நான் போனேன். கட்டிலில் பிள்ளை. கையில் ஊசிக்குழாய். இன்னும் விழிக்கவில்லை. தாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மகளின் பையிலிருந்து என் தேர்வுத் தாளை எடுத்துக் கட்டில்மேல் விரித்தார். அதில் ஒரு சதுரம். சதுரத்தில் நாலு கட்டம், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒரு கட்டத்துக்கு மட்டும் பச்சை வண்ணம். பக்கத்தில் 1/4. அதன்மேல் என் கையால் போட்ட சரி. தாளுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டையை வைத்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒன்று காலி.

"நான் அவ்வளவா படிக்கல டீச்சர். ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு? அப்போ எம்பொண்ணு எங்க தப்பு பண்ணுனா?"

அன்பர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் கேள்வி கேட்கிறவள். அன்று கேள்வி என் பக்கம் திரும்பியது. அவள் தப்பே செய்யவில்லை என்பதுதான் என்னை அடித்துப் போட்டது. காசை நான் கையில் கொடுத்துக் கற்பித்தேன், அது கைக்கு வந்தது. பின்னத்தை ஏன் கட்டம் போட்டுக் கற்பித்தேன்? தேர்வில் கட்டம் வருகிறது என்பதற்காக! நாலாக வெட்டும் வேலையை நானே செய்து முடித்துவிட்டு, வண்ணம் பூசும் வேலையை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். வெட்டத் தெரியாத பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு போட்டேன்!

அன்று மதியம் பிள்ளை விழித்தான். விழித்ததும் தண்ணீர் கேட்டானாம். அதைக் கேட்டு நான் பள்ளி வராந்தாவில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆனால் அவன் அக்கா? பள்ளிக்கு வந்தாள். பேசவில்லை. கல்லாவில் உட்காரவில்லை. கணக்கு நோட்டைத் திறக்கவில்லை. ஒன்பது நாள்! காசு ஒலித்த மூலையில் ஒரு சத்தமும் இல்லை. "கேஷியர்" என்று யாராவது கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

பத்தாம் நாள், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு சாக்பீஸ் கொடுத்தேன். கரும்பலகையில் 1/4 என்று எழுதினேன். வேறெதுவும் சொல்லாமல், கொடுங்கள் என்று கையை மட்டும் நீட்டினேன். ஓடி வந்தார்கள். சிரித்துக்கொண்டே வைத்தார்கள். ஒன்று, இரண்டு, பத்து, இருபது... எண்ணினேன். முப்பத்தோரு முழுச் சாக்பீஸ்! என் மேசைமேல் முப்பத்தொன்று கிடக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கிய கைகள் வைத்தவை அவை. அந்த அட்டை எந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் அதே மாத்திரைதான் கரைந்திருக்கும்! யார் வீட்டுக்கு? உங்கள் வீட்டுக்கு. உங்கள் வீட்டுக்கு. இதோ, சுவரோரம் நிற்கிறீர்களே அம்மா, உங்கள் வீட்டுக்கு!

ஒருத்தி மட்டும் வரவில்லை. கடைசி பெஞ்சில் எழுந்து நின்றாள். ஒன்பது நாள் பேசாத வாய் பேசியது.

"எதுல கால், டீச்சர்?"

என்ன கேள்வி! நான் கற்றுத் தராத கேள்வி! இருபத்திரண்டு ஆண்டில் ஒரு பிள்ளையும் என்னைக் கேட்காத கேள்வி, நானும் ஒரு பிள்ளையைக் கேட்காத கேள்வி! ஒரு சாக்பீஸில் கால், என்றேன். பாதியாக உடைத்தாள். அந்தப் பாதியைப் பாதியாக உடைத்தாள். நடந்து வந்து, என் உள்ளங்கையில் அந்தத் துண்டை வைத்தாள்.

இரண்டாம் வரிசையில் இருக்கும் மருந்துக்கடைக்காரரே, தலையைக் குனியாதீர்கள். இப்போதெல்லாம் மாத்திரையை நீங்களே வெட்டித் தருகிறீர்கள், பார்த்தேன். பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டில் ரொட்டி வெட்டும்போது கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். எங்கே வெட்டுவது என்று பிள்ளை சொல்லட்டும். கோணலாகச் சொன்னாலும் அப்படியே வெட்டுங்கள். சின்னத் துண்டு யாருக்கு வருகிறதோ அவர் போடும் சண்டை மற்றதைக் கற்றுக்கொடுக்கும்.

தலைவர் அவர்களே, இந்தக் கேடயத்தை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அச்சகத்துக்கு எடுத்துப்போய் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திக்கொண்டு வாருங்கள். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு அல்ல, ஐயா. முப்பத்திரண்டில் ஒன்று. அந்த ஒருத்தியும் என்னிடம் கற்கவில்லை. தம்பியின் கட்டிலோரம் கற்றாள்.

அவள் இதோ, தூணுக்குப் பக்கத்தில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். நன்றாக இழுக்கட்டும். பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. என் கடைசி வணக்கம் அந்தத் தூணோரத்துக்கு. கேஷியரம்மா, நாளைக்குக் கடை திறக்கிறோம். உன் நாற்காலி காலியாக இருக்கிறது.