பிரிக்காத பெட்டி

கீபோர்டில் டீ கொட்டினால் உடனே கவிழ்த்துப் போட வேண்டும். பாதிப் பேருக்கு இது தெரியாது. துடைக்கிறேன் பேர்வழி என்று ஈரத்தையெல்லாம் உள்ளே இறக்கிவிட்டு என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதெல்லாம் பழைய கதை. நம்ம மலையாளத்துச் சித்தூரில் இப்போது யார் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறார்கள்? கொஞ்ச வருஷமாகக் கடை வாடகையை என் மனைவி ஆர்த்திதான் கட்டினாள். இதை நீங்கள் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். எப்படியும் ஊர் சொல்லிவிடும், நானே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு மொழிபெயர்ப்பு வேலை. எருத்தேன்பதியில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, மலையாளத்தைத் தமிழாக்கி, கொச்சியில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவாள். தட்டித் தட்டி இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கிப் போனது. அப்போது அந்தக் கீபோர்டைக் கோயம்புத்தூரில் அலைந்து வாங்கி வந்தவன் நான்தான். நடுவில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். கை திருகாமல் நேராக நிற்கும். வலி விட்டுவிட்டது. "ஏனுங்க, புதுக் கை வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தாள். நான் செய்த இந்த நல்லதை யாரும் பேசுவதில்லை.

பிறகு கொச்சிக்காரர்கள் அவளை அங்கேயே வரச் சொன்னார்கள், மொத்தக் குழுவுக்கும் தலைமையாக. "நீங்களும் வாங்க, அங்க ஒரு கடை போட்டுக்கலாமுங்க" என்றாள். எனக்குக் கசந்தது. அந்தக் கடைக்கும் அவள்தானே வாடகை கட்டுவாள். என் கடைப் பலகையில் வேல்முருகன் என்று அத்தனை பெரிதாக எழுதியிருந்தும், சித்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னை 'ஆர்த்தி ஊட்டுக்காரரு' என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்டாட்டியை அடக்கி வைக்கிற ஆள் இல்லை நான். "போலாம் அம்மிணி" என்றேன்.

சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று கீபோர்டை வாங்கிக் கழற்றினேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதில் கரண்ட் ஓடுகிற மயிரிழைக் கோடுகள். அதன் மேல் உப்புத் தண்ணீர் விட்டு மூடினேன். சில நாளில் பாதி எழுத்து விழவில்லை. அவள் அழுதாள். நான்தான் தேற்றினேன்.

அந்த மாடலை அதற்குள் நிறுத்திவிட்டிருந்தார்கள். நிறுத்தியதைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை, மேடம். அந்த வளைவுக்கென்றே வெட்டிய தாள் அது, வேறு எதன் தாளும் பொருந்தாது. அதை அச்சடித்துக் கொடுத்தவர்கள் வேறு சரக்குக்கு மாறியிருப்பார்கள். வெளிக்கூட்டுக்குத் தனி அச்சு, எழுத்துப் பட்டன்களுக்குத் தனித்தனி அச்சு. கேட்கிறவர்களோ நாலு பேர். அவர்களுக்காகப் புது அச்சு செய்ய எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

வேறொரு கம்பெனி மறுபடி கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்தது. அதை அவளிடம் காட்டி, "கொஞ்ச நாள் சாதாக் கீபோர்டுல ஓட்டு அம்மிணி, வந்துரும்" என்றேன். வரும் வரும் என்று தள்ளிப்போனது. கடைகளில் மிஞ்சிக் கிடந்ததை அவள் தேடிப் பிடித்துவிடுவாளே என்று முன்னாலேயே போய் வாங்கி உடைத்தேன். சீல் பிரிக்காத ஒன்றை மட்டும் உடைக்க மனசு வரவில்லை. கடைப் பரணில் போட்டேன்.

மறுபடி வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் மருந்துக்கு வரிசையில் நின்றபோது டாக்டர் என்னிடம் சொன்னார், இனியும் தட்டையான கீபோர்டில் அடித்தால் கட்டைவிரல் சதை வற்றிவிடும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் திரும்பாது என்று. அவளிடம் வந்து, "கொஞ்சமா அடிச்சாத் தப்பில்லைன்னாரு" என்றேன். என் பேச்சை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

இப்போது அவளால் பட்டன் போட முடியாது. சீப்பு நழுவிவிடும். நான்தான் தலை வாரிவிடுகிறேன், மீனுக்கு முள் எடுத்துக் கொடுக்கிறேன். கொச்சி வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. ஊரில் அவளை வேல்முருகன் சம்சாரம் என்கிறார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, மேடம். மறைப்பானேன்?

வாடகை கட்ட வழியில்லாமல் கடையைக் காலி செய்த அன்று அவளும் வந்திருந்தாள். பரணிலிருந்து இறக்கிய சாமானில் அந்தப் பெட்டியும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. மேலே இருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். ஓரத்து டேப்பை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. பெட்டியை அணைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இதைப் பிரிச்சுக் குடுங்க."

கோபமாகக்கூட இல்லை. நான் கை நீட்டவில்லை. அப்படியே பெட்டியோடு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், உப்புத் தண்ணீர் விட்டது நான்தான். டாக்டர் சொன்னதை மறைத்ததும் நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைக் கெடுக்க வேண்டும் என்றிருந்தால் அந்த ஒன்றையும் உடைத்திருப்பேன் இல்லையா? கை சரியானதும் கொடுக்கலாம் என்றுதான் வைத்திருந்தேன்.

அங்கே உங்கள் ஆள் கத்தியை எடுக்கிறார், மேடம். பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இனி எங்கே தேடினாலும் கிடைக்காத பொருள்.