சத்தமில்லாத ரிமோட்

இரவில் நட்சத்திரங்களைப் படமெடுக்க ரிமோட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். நான் அப்படியில்லை. மலாங் நகரத்துக் கடையில் இருந்த எல்லாவற்றையும் கையில் வாங்கிப் பார்த்தேன். வயர் இல்லாத வகையில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். நேரம் குறித்துவைக்கும் வகையோ, படம் முடிந்ததும் பீப் என்று ஊருக்கே அறிவிக்கும். எனக்கு இரண்டும் சரிப்படாது. நான் எடுத்தது கேமராவில் செருகும் வயர் ரிமோட். பொத்தானை அழுத்தி முன்னால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். நாமாக விடுவிக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்.

அண்ணா என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி ‘மாஸ்’ என்று கூப்பிடும் கடைக்கார லியென் அக்கா சிரித்தார்.

“ஊரே போன்ல படம் எடுக்குது, நீங்க இன்னும் வயரப் புடிச்சுத் தொங்குறீங்களே மாஸ். கொண்டு போங்க, எனக்கும் இடம் மிச்சம்.”

என் கூட்டாளி விராத்னோவுக்கும் எனக்கும் புரோமோ எரிமலை விளிம்பில்தான் பிழைப்பு. படமெடுக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவோம். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது “திறந்தாச்சு” என்று குரல் கொடுத்தால் மேட்டில் இருக்கும் அத்தனை பேரும் டார்ச்சை அணைத்துவிட வேண்டும். அதே ஆள் “மூடியாச்சு” என்று சொல்லும்வரை ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது. இதில் விராத்னோதான் ரொம்பக் கறார். ஒருமுறை சிகரெட் பற்றவைத்த ஒருவரைக் காய்ச்சி எடுத்துவிட்டான். வேடிக்கை என்னவென்றால் அவனுக்கு மாலைக்கண். டார்ச் இல்லாவிட்டால் தன் கையே அவனுக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்று எல்லோரிடமும் மறைத்து, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

எனக்கும் ஒரு பயம் இருந்தது. எனக்குப் பேர் வாங்கித் தந்த படம் அவன் எடுத்தது, நான் என் பேரில் போட்டுக்கொண்டேன். வெகுநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் கேட்டான். கோபமாகக்கூட இல்லை.

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க மாஸ். நீங்க சொல்லலன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

மறுநாள்தான் ரிமோட் வாங்கப் போனேன்.

சனிக்கிழமை நிலா இல்லை. வாடிக்கையாளர்களும் இல்லை, நாங்கள் இருவர் மட்டும். வேலிக்கு அப்பால் விளிம்பு குதிரை லாடம் மாதிரி வளைகிறது. படத்தில் ஓர் ஆள் நின்றால் அழகு என்று சொல்லி, அதன் ஒரு முனையில் இருந்த பாறையில் அவனை நிற்க வைத்தேன். கேமராவுக்குத் திரும்பி வந்து “திறந்தாச்சு” என்றேன். அவன் உடனே டார்ச்சை அணைத்தான். நான் பொத்தானைப் பூட்டிவிட்டு, அவனுக்குக் கேட்காதபடி மறு முனைக்கு நடந்தேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் பள்ளம்தான் இருந்தது.

பிறகு கேட்டான்.

“மூடியாச்சா மாஸ்?”

“இன்னும் இல்ல.”

“ஒண்ணுமே தெரியல மாஸ். சாரோங்க இறுக்கிப் போத்தியும் ஒடம்பு வெடவெடன்னு ஆடுது. சிரிக்காதீங்க, நெசமாவே பயமா இருக்கு.”

நான் சிரிக்கவில்லை. அவன் டார்ச்சைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் போடவில்லை. அடுத்தவர் படத்தைக் கெடுக்கிற ஆளில்லை அவன்.

“லைட்டு போடல மாஸ், மெதுவா உங்க பக்கத்துல வந்துடட்டுமா? வழி நல்லாருக்கா?”

“நல்லாருக்கு,” என்றேன். “நேரா வா.”

சரளைக்கல் சரிந்த சத்தம் மட்டும் கேட்டது. அவன் உடனே சாகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கீழேயிருந்து “மாஸ், மாஸ்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். திட்டவே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் நின்ற பிறகுதான் போய்ப் பூட்டை விடுவித்தேன்.

நான் அவனைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. எங்களுக்குள் பகை என்று ஊரில் பேசுகிறார்களாம். அதை மட்டும் நம்பாதீர்கள். என்மேல் அவனுக்கு உயிர். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அந்த இருட்டில் அவன் ஓர் அடிகூட எடுத்துவைத்திருக்க மாட்டான்.