பெடல் மேல வரல

ஆஃப் ஆயிடுச்சா? ஆகட்டும்மா, அதுக்கு ஏன் என் மூஞ்சியப் பாக்குறீங்க. நியூட்ரல் பண்ணிட்டு சாவியத் திருப்புங்க. ம். இப்ப கிளட்ச முழுசா மிதிச்சு ஃபர்ஸ்ட் போடுங்க. ஆக்சிலேட்டர் பக்கமே போகாதீங்க. குதிகாலத் தரையில ஊனிக்கிட்டு கிளட்ச மட்டும் விடுங்க. இன்னும் கொஞ்சம்... ஸ்டியரிங்குல ஒரு நடுக்கம் தெரியுதா? அங்கயே நிறுத்துங்க கால. அசைக்காதீங்க. அவ்ளோதான், போவுது பாருங்க. நடந்து போறவன் நம்மளத் தாண்டிப் போயிடுவான். போகட்டுமே.

ஒரு மாசமாச்சுல்ல நீங்க வண்டியத் தொட்டு, ஆஃப் ஆகத்தான் செய்யும். நானும் நாலு தடவ உங்க மாட்டாஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன். அஞ்சாவது தடவதான் உள்ளயே வந்தேன். நீங்க ஒரு கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கிட்டிருந்தீங்க. இனிமே கார் வேணாம் சார், பஸ்லயே போயிக்கிறேன்னீங்க. ஏம்மா, பஸ் போகாத ஊருக்குத்தானே மாட்டு டாக்டர் தேவ? ஒரு பசு கன்னு போட முடியாமத் தவிக்கிறப்ப, அடுத்த பஸ் எப்பன்னு கேட்டுக்கிட்டு நிப்பீங்களா?

இங்க லெஃப்ட்ல. ஆமா, ஆத்தங்கரை ரோடுதான். தெரியும்மா, அதே ரோடுதான். வேணும்னுதான் கூட்டிட்டு வர்றேன். திரும்புங்க.

பின்னாடி ஹாரன் அடிக்கிறானா, அடிச்சுட்டுப் போறான். டிராக்டர்ல நெல்லு ஏத்திக்கிட்டு வர்றவனுக்கு எப்பவும் அவசரந்தான்.

பாருங்க, பாதி ரோட்டுல நெல்லு காயுது. ஈரம் இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டேங்குறான், ஜனம் எங்கதான் கொண்டு போயி காயப் போடும்? நெல்லு மேல ஏத்தாதீங்க. வலது பக்கம் ஒட்டி வாங்க. அந்தக் கெளவி நெல்லக் கிளறிக்கிட்டுப் போவுது, திரும்பிப் பாக்காது. கிளட்ச மிதிங்க, நிறுத்துங்க. அது அந்தாண்ட போகட்டும். ம், இப்ப விடுங்க. அந்த நடுக்கம் வர்ற எடம். அதே எடம். பிரமாதம்.

அன்னைக்கும் இப்படித்தாம்மா வந்தீங்க. சரியாத்தான் வந்தீங்க. இல்ல இல்ல, இருங்க, நான் பேசி முடிச்சுடறேன். ஆக்சிலேட்டர மிதிச்சீங்க, சரி. ஏன் மிதிச்சீங்க? கிளட்ச விட்டுக்கிட்டே இருக்கீங்க, வண்டி நகரல. அப்ப ஒரு வார்த்த சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? பெடல் மேல வரல சார்னு சொன்னீங்க. நான் சிரிச்சேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லிச் சிரிச்சேன். அடுத்த நிமிசம் வண்டி பாஞ்சுடுச்சு, ரோட்டோரமா போயிட்டிருந்த அம்சம் அக்கா கீழ கெடக்குறாங்க.

அழாதீங்கம்மா. அழுதா ரோடு தெரியாது.

கூட்டம் கூடி என்னென்ன பேசுனான்க. பொம்பளப் புள்ளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான், படிச்ச திமிருன்னு. உங்கப்பாவ இழுத்து, நேத்து வரைக்கும் எங்க வயல்ல நாத்துப் பறிச்சவன்னான் ஒருத்தன். நானும் பக்கத்துல நின்னு தலையாட்டுனேன். அத நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

அந்த நீலக் கதவு வீட்டுக்கிட்ட ஓரமா நிறுத்துங்க. முதல்ல கிளட்ச், அப்புறம் பிரேக். நியூட்ரல். ஹேண்ட் பிரேக்க நானே போட்டுடறேன், கை அதுமேலதான் இருக்கு.

யாரு வீடா? அம்சம் அக்கா வீடுதான். பயப்படாதீங்க, நீங்க எறங்க வேணாம்.

எப்படிச் சொல்றது. இந்தா இருக்கு பாருங்க, கத்துக்குடுக்குற வண்டின்னு என் பக்கத்துலயும் ஒரு கிளட்ச். இதையும் உங்களோடதையும் கீழ ஒரே கம்பியில கோத்துருக்கு. நான் மிதிச்சு வச்சுக்கிட்டா நீங்க எவ்வளவு கால எடுத்தாலும் உங்க பெடல் மேல வராது. வண்டியும் நகராது. என் கால் சறுக்கிடுச்சுன்னா மொத்தமா ஒரே போடா மேல வந்துடும். அந்த நேரம் நீங்க ஆக்சிலேட்டர்ல இருந்தா, பாயாம என்ன பண்ணும்?

சத்தியமா நான் மிதிச்சுக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியாதும்மா. சுகரு, பன்னெண்டு வருசமா. பாதம் ரெண்டும் மரத்துக் கெடக்கு. கொஞ்ச நாளா அப்படி இருந்துச்சு, சரியாப் போயிடும்னு விட்டுட்டேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி கால் கழுவும்போதுதான் பாக்குறேன், உள்ளங்கால்ல நம்ம வண்டியோட ஒடஞ்ச ஹெட்லைட் கண்ணாடி ஏறி நிக்குது. வெறுங்காலோட அதுமேலயே நின்னுக்கிட்டு உங்களத் திட்டிருக்கேன், வலியே தெரியல. அப்பதான் எல்லாம் வெளங்குச்சு. வெளங்கியும் ஒரு மாசம் வாயத் தொறக்கல. டிரைவிங் ஸ்கூல் ஓனருக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே வேற ஆளு. இருவத்திரெண்டு வருசமா இந்த சீட்டுதாம்மா, வேற ஒண்ணும் தெரியாது.

இன்னைக்கா? ரெண்டு காலையும் மடிச்சு சீட்டு மேல வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். பாருங்க. கெளவிக்கு நிறுத்துனதும் நீங்க, எடுத்ததும் நீங்க. திட்டுங்க. திட்ட வேண்டியதுதான். சாயந்தரமா நிதானமாத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

இப்ப எறங்குறேன். அவங்க வீட்டுக்காரரு துரைராசு உள்ளதான் இருக்காரு. ஓனரையும் வரச் சொல்லியிருக்கேன், அந்தா பைக்கு நிக்குதுல்ல. அம்சம் அக்கா மாவுக்கட்டோட வாசல்லயே உக்காந்திருக்காங்க. நம்மளப் பாத்துட்டாங்க. உங்களத்தான் மொறைக்கிறாங்க, தலையக் குனியாதீங்கம்மா. இன்னும் ரெண்டு நிமிசம் பொறுத்துக்குங்க. அப்புறம் என்னய மொறைப்பாங்க.